கண்குழியும் குழந்தை வளர்ச்சியும்

(வள்ளூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் கல்வி நிதியைப் பற்றியோ, கலியாணச் செலவைக் குறைப்பதைப் பற்றியோ பேசுவோமென்று நீங்கள் எண்ணி வந்திருக்கலாம். அவ்விரண்டும் நமக்கு முக்கியமானவையே. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தையின் கண்குழி. கண்ணைப் பற்றிப் பேசுவாருண்டு; கண் குடியிருக்கும் குழியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறதென்று சிலர் நகைக்கவுங் கூடும். நாமும் ஒருகாலத்தில் அவ்விதமே எண்ணியிருந்தோம். நாம் வைத்தியரல்லோம். வைத்தியர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டதையே சொல்லப்போகிறோம். அப்படிக் கேட்கவும் படிக்கவும் நம்மைத் தூண்டியது நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பம். அதனை உரிய இடத்தில் மறைக்காமற் சொல்லுவோம்.

குழந்தையின் தலை பிறக்கும்போதே கட்டி முடிந்துவிட்ட வீடன்று என்பது தாய்மார்கள் யாவரும் அறிந்ததே. எண்ணெய் தேய்க்கும்போது உச்சிக்குழி விரலுக்கு மெத்தென்று படுகிறதன்றோ? அது ஏறக்குறைய ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்கிறது. நெற்றியெலும்புங்கூடப் பிறக்கும்போது வலம் இடமென இரு பாதிகளாக இருந்து, பெரும்பாலும் முதலாண்டுக்குள் ஒன்றாகப் பொருந்துகிறது. உச்சிக்குழிக்குக் காட்டும் ஜாக்கிரதையில் காற்பங்கையேனும் கண்குழிக்கு நாம் காட்டுவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதும், அது வளருமென்று நாம் அறியாதிருப்பதுமே அதற்குக் காரணம்.

கண்குழி என்பது கூம்பைப் போல் உட்புறம் குறுகிச் செல்லும் எலும்புக் குகை. நெற்றியெலும்பு, கன்னவெலும்பு, மேல்தாடையெலும்பு, கண்ணீரெலும்பு, அண்ணவெலும்பு, சல்லடைபோன்ற துளைகளுடைய மூக்கடி எலும்பு, தலையின் நடுவே ஆப்புப்போல் அமைந்த எலும்பு ஆகிய ஏழும் சேர்ந்து ஒவ்வொரு குழியையும் கட்டுகின்றன. வளர்ந்த மனிதருக்கு இதன் வாய் சுமார் 4 செண்டிமீட்டர் அகலமும், மூன்றரை செண்டிமீட்டர் உயரமும் உடையது. ஆழம் 4 முதல் நாலரை செண்டிமீட்டர். இதனுள் சுமார் 30 மில்லிலிட்டர் நீர் கொள்ளும். கண்கோளம் அதில் ஏழு மில்லிலிட்டர் அளவே இடங்கொள்ளும். மிச்சமெல்லாம் கண்ணைத் திருப்பும் ஆறு தசைகளும், பார்வை நரம்பும், இரத்தக் குழாய்களும், கண்ணீர்ச் சுரப்பியும், இவற்றைத் தாங்கும் மெத்தைபோன்ற கொழுப்புமாம். மேற்கூரைக்கு அப்பால் மூளை. தரைக்குக் கீழே மேல்தாடையின் காற்றறை. உட்சுவருக்கு அப்பால் மூக்கின் காற்றறைகள். அவ்வுட்சுவர் காகிதம்போல் மெல்லியது. இந்த அண்டைவீடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரப்போகும் ஆபத்துக்கள் பல அங்கிருந்தே புறப்படுகின்றன.

இனிப் பிறந்த சிசுவைப் பாருங்கள். அதன் முகத்தில் முதலில் நமக்குத் தெரிவது கண்களே. காரணம் யாதெனில், பெரியவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். பிறந்த குழந்தையின் கண்ணோ அப்போதே 16 அல்லது 17 மில்லிமீட்டர் இருக்கிறது. உடலின் எடை பின்னால் இருபது மடங்கு பெருக வேண்டியிருக்க, கண்ணோ தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குடனே உலகத்துக்கு வந்துவிடுகிறது. பிறந்த கண் பிறகு வளர்வதேயில்லை என்று சிலர் சொல்வது தவறு. முதலிரண்டு ஆண்டுகளில் அது வெகு வேகமாக வளர்ந்து, மூன்று வயதளவில் 22 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. எஞ்சிய சிறிதளவு வளர்ச்சி பத்துப் பதின்மூன்று வயது வரை மெல்ல மெல்ல நடைபெறும்.

கண் இவ்வாறு விரைந்து வளர, அதன் குழி என்ன செய்கிறது? நம்மூர்ப் பனங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கண் நுங்கும் உண்டு. இரண்டு கண்ணும் ஒரு கண்ணும் உண்டு. உள்ளே நுங்கு திரளத் திரள, அதைச் சூழ்ந்த குழியும் அதற்கேற்ப விரிகிறது. நுங்கு திரளாமற் சூம்பிவிட்ட இடத்தில் குழியும் சிறுத்தே நிற்கும். குழந்தையின் கண்குழியும் அப்படிப்பட்டதே. உள்ளிருக்கும் கண்கோளமும், தசையும், கொழுப்பும் பெருகி நெருக்குவதால் எலும்பு உள்ளே கரைந்தும் வெளியே படிந்தும் விரிவடைகிறது. மேலே மூளையும் தன் பங்குக்குக் கூரையை விரித்துத் தருகிறது. ஐந்தாறு வயதுக்குள் மூளை பெரியவர் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறதன்றோ? ஆகவே கண்குழியும் முகத்தின் மற்றப் பாகங்களுக்கு முந்திக்கொண்டு வளர்கிறது. ஐந்து வயது நிரம்பும்போது அது தன் முழுக் கொள்ளளவில் முக்கால் பங்குக்குச் சற்று மேலாகவே அடைந்துவிடுகிறதென்று ஸ்கேன் படங்களைக்கொண்டு அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மிஞ்சியது கால் பங்குக்கும் குறைவு. அதற்குப் பத்தாண்டுகள் பிடிக்கும்.

அளவு மாத்திரமன்று, வடிவமும் மாறுகிறது. சிசுவின் கண்குழி வாய் ஏறக்குறைய வட்டமாயிருக்கும். வளர வளர அகலம் மிகுந்து, மூலைகள் தோன்றி, சதுரத்தை ஒத்த உருவத்தைப் பெறும். பிறக்கும்போது கபாலத்தோடு ஒப்பிட்டால் முகம் எட்டில் ஒரு பங்குதான். ஐந்து வயதில் நான்கில் ஒரு பங்கு. பெரியவருக்கு ஏறக்குறைய இரண்டில் ஒரு பங்கு. சிசுவின் மேல்தாடையில் முளைக்கக் காத்திருக்கும் பல்முளைகள் கண்குழியின் தரையை ஒட்டியே இருக்கின்றன. அவ்விடத்துக் காற்றறையோ மிகச் சிறியது. பற்கள் இறங்கவும் தாடை நீளவும் அந்தக் காற்றறை விரிந்து, கண்ணுக்கும் பல்லுக்கும் இடையே தூரம் உண்டாகிறது. நெற்றியின் காற்றறை பிறக்கும்போது இல்லவே இல்லை. ஆறேழு வயதில்தான் படத்தில் தெரியும். மூக்குத் தண்டோ குழந்தைக்குத் தட்டையாயிருந்து பின்னால் எழும்புகிறது.

இத்தனையும் சொன்னது, இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் விஷயங்கள் எவை, ஒருநாளும் காத்திருக்கக் கூடாத விஷயங்கள் எவை என்று பகுத்தறிவதற்காகவே. நம்மவர்களில் பலர் இதனை மாற்றிச் செய்கிறார்கள். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி மந்திரிக்கவும் கயிறு கட்டவும் ஓடுகிறார்கள். அஞ்ச வேண்டியதைக் கண்டால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

முதலில் அஞ்ச வேண்டாதவற்றைச் சொல்லுவோம். கைக்குழந்தைகள் பலருக்குக் கண் மூக்கின் பக்கமாக ஒதுங்கி, மாறுகண்போல் தோன்றும். மூக்குத் தண்டு தட்டையாகவும், கண்ணின் உள்மூலையில் தோல் மடிந்தும் இருப்பதால் வெண்விழி மறைந்து உண்டாகும் போலித் தோற்றம் இது. தண்டு எழும்பினால் அது தானே மறையும். மெய்யா போலியா என்று எப்படி அறிவது? குழந்தைக்கு எதிரே சற்று எட்டி ஒரு சிறு டார்ச் விளக்கைப் பிடியுங்கள். இரண்டு கருவிழிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் போலியே. ஒன்றில் நடுவிலும் மற்றொன்றில் ஓரத்திலும் விழுந்தால் மெய்யான மாறுகண். முதல் மூன்று நான்கு மாதங்களில் கண் எப்போதாவது அலைவது இயல்பு. அதற்குப் பின்னும் விலகியிருக்குமாயின், டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். சகோதரர்களே, விலகிய கண்ணின் பார்வையை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். சிறுவயதில் மீட்கப்படாத அப்பார்வையைப் பிற்காலத்தில் மீட்பது மிகவும் கடினம். பார்வையை இழப்பதில் அதிர்ஷ்டம் ஏது?

இரண்டாவது, கண்ணில் நீர் வடிதல். நம் பக்கத்தில் காற்றடித்தால் சாம்பல் தூசி பறக்கிறது. ஆகையால் எந்தக் குழந்தைக்குக் கண் கலங்கினாலும் தூசிமேல் பழியைப் போட்டுவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கண்ணீர், கண்ணின் உள்மூலையிலிருந்து எலும்புக்குள் செல்லும் ஒரு சிறு கால்வாய் வழியே மூக்கில் இறங்குகிறது. அதன் அடிமுனையில் உள்ள மெல்லிய சவ்வு சில சிசுக்களுக்குப் பிறக்கும்போது திறந்திராது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் அது தானே திறந்துகொள்கிறது. கையைச் சுத்தமாகக் கழுவி, நகம் வெட்டிய விரல் நுனியால் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே சற்று அழுத்திக் கீழ்நோக்கி நீவ வேண்டும்; ஒரு வேளைக்கு ஐந்து அல்லது பத்து முறையாக, நாளுக்கு மூன்று நான்கு வேளை செய்தால் போதும். இதை முதலில் ஒருதரம் டாக்டரிடமே காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. ஓராண்டு கடந்தும் நீர் நிற்காவிடில் சிறு சிகிச்சையால் வழியைத் திறந்துவிடுவார்கள். அவ்விடம் சிவந்து வீங்கினால் மாத்திரம் அன்றே காட்டவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நீரும் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கருவிழியும் மற்றக் குழந்தைகளுடையதைவிடப் பெரிதாயிருந்தால், அது வேறு வியாதி. "எம் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண்!" என்று நாம் பூரித்துப்போவோம். உண்மையிலோ கண்ணுக்குள் நீரழுத்தம் மிகுந்து, சிசுவின் இளகிய கண்ணுறை பலூன்போல் விரிந்துகொண்டிருக்கும். பிறந்த குழந்தையின் கருவிழி பத்து மில்லிமீட்டர் அகலத்தை ஒட்டியிருக்கும். ஒரு வயதுக்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டுமாயின் சந்தேகிக்க வேண்டும். சீக்கிரம் சஸ்திர சிகிச்சை செய்தால் பார்வை தப்பும். தாமதித்தால் நரம்பு பாழாகும்.

இனி ஒருநாளும் காத்திருக்கக் கூடாதவை. அவை நான்கு.

ஒன்று, பாப்பாவின் நடுவே வெண்மையாகவோ மஞ்சளாகவோ மின்னுதல். விளக்கொளியில் பூனைக்கண்போல் தோன்றும். கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் விழுவதைக்கொண்டே சில தாய்மார்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். விழித்திரையில் உண்டாகும் புற்றுநோயின் முதற்குறியாக இது இருக்கலாம். பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் பிறப்புக்கு ஒன்றென்ற கணக்கில் வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே வெளிப்படுவது. கண்ணுக்குள் அடங்கியிருக்கையில் கண்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய நிச்சயம். பல சமயங்களில் கண்ணையும் பார்வையையும் காப்பாற்றலாம். நோய் குழிக்குள் பரவிவிட்டாலோ உயிருக்கே மோசம்.

இரண்டு, சளி ஜுரத்தோடு ஒரு கண் வீங்கி மூடிக்கொள்ளுதல். காகிதம்போன்ற உட்சுவர் என்று முன்னே சொன்னோமே, அதற்கு அடுத்த காற்றறைகள் பிறக்கும்போதே இருக்கின்றன. அங்கே தங்கிய சீழ் மெல்லிய சுவரைக் கடந்து கண்குழிக்குள் புகக்கூடும். இமை சிவந்து வீங்குவதோடு, கண் முன்னே தள்ளப்பட்டோ, அசைக்க முடியாமலோ, பார்வை மங்கியோ இருந்தால், பற்றுப் போட்டுக்கொண்டு இரவைக் கழிக்கலாகாது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றவேண்டும்.

மூன்று, பந்தோ முழங்கையோ கண்ணில் பட்ட அடி. பெரியவர்களின் எலும்பு முறிந்தால் உடைந்து விலகிப்போகும். சிறுவர்களின் எலும்போ பச்சை மூங்கில்போல் வளைந்து விரிசல் கண்டு, திரும்பவும் கதவுபோல் மூடிக்கொள்ளும். மூடும்போது கண்ணின் கீழ்த்தசையைக் கவ்விக்கொள்வதுண்டு. வெளியே இரத்தமில்லை, வீக்கமில்லை, வெண்விழி வெளுத்தே இருக்கும். ஆனால் பிள்ளை மேலே பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டான், வலிக்கிறதென்பான், ஒன்று இரண்டாகத் தெரிகிறதென்பான், வாந்தி எடுப்பான், நாடி தளர்ந்து மயங்குவான். தலையில் அடிபட்டதால் வாந்தி என்று எண்ணி ஏமாறக்கூடாது. கவ்வப்பட்ட தசையை ஓரிரண்டு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் அது நலிந்து, கண் என்றைக்கும் சரிவரத் திரும்பாமற் போகலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ, நெற்றி முன்தள்ளியிருப்பதாலும் அங்கே காற்றறை இல்லாமையாலும், கூரையெலும்பு முறிவதே அதிகம். கூரைக்கு மேலே மூளை. ஆகையால் சிறு குழந்தை புருவத்தில் அடிபட விழுந்தால் அதை அற்பமாக எண்ணற்க.

நான்கு, தலை ஒருவித அபூர்வ வடிவமாக இருந்து, இரு கண்களும் பிதுங்கி நிற்றல். கபாலத்தின் பொருத்துக்கள் காலத்துக்கு முன்னரே மூடிக்கொண்டால் கண்குழி ஆழமடையாது. வளரும் கண் வெளியே தள்ளப்படும். 1912-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து வைத்தியர் குரூஸோன் என்பவர் ஒரு தாயிடமும் அவள் மகனிடமும் கண்டு எழுதிய நோய் இவ்வகையைச் சேர்ந்தது. இதைக் கிரகணத்தின் பலனென்றும் முன்ஜன்ம பாவமென்றும் தாயின்மேல் பழி சுமத்துவது கொடுமை. தக்க வயதில் சஸ்திர சிகிச்சையால் மூளைக்கும் கண்ணுக்கும் இடம் உண்டாக்கித் தரலாம்.

இனி நம் குடும்பத்துக் கதையைச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். நம் உறவில் ஒரு பெண்குழந்தைக்கு ஒன்றரை வயதில் கண்ணுக்குள் கட்டியென்று அறிந்து, உயிரைக் காக்க வேண்டி ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். குழிக்குள் ஓர் உருண்டையை வைத்துத் தைத்து, அதன்மேல் பொருத்தச் செயற்கைக் கண் ஒன்றைத் தந்து, "குழந்தை வளர வளர இதை மாற்றிக்கொண்டே வரவேண்டும், குறித்த நாட்களில் தவறாமல் கொண்டுவாருங்கள்" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். குழந்தையோ அதைப் பொருத்தும்போதெல்லாம் அழுதது. தாய் நம்மிடம் வந்து என்ன செய்வதென்று கேட்டாள். படித்தவரென்று பெயரெடுத்த நாம் சொன்ன யோசனை என்ன தெரியுமா? "உயிர் பிழைத்ததே பெரிது. அழகுக்காக வைக்கும் பொம்மைக் கண்ணுக்காக ஏனம்மா குழந்தையை வதைக்கிறாய்? பெரியவளானதும் வைத்துக்கொள்ளலாம்" என்றோம். அவளும் நம் சொல்லைக் கேட்டு அதை ஒரு டப்பாவில் போட்டுவைத்தாள்.

பெண்ணுக்குப் பதினொரு வயதானபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கேலி தாங்காமல் மறுபடியும் டாக்டரிடம் போனார்கள். அந்தப் பக்கத்து இமைகளும் உள்ளறையும் சுருங்கி, குழியும் மறுபக்கத்தைக் காட்டிலும் சிறுத்து, முகமே ஒருபுறம் ஒடுங்கியிருந்தது. புதிய கண்ணைப் பொருத்த இடமில்லை. பின்னர் இரண்டு முறை சஸ்திர சிகிச்சை செய்து ஓரளவு சரிசெய்தார்கள், முழுவதும் சரியாகவில்லை. டாக்டர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "குழி தானாக வளர்வதில்லை, ஐயா. உள்ளே இருப்பது நெருக்கினால்தான் வளரும். அந்த ஐந்தாறு ஆண்டுகளைத் திரும்பக் கொண்டுவர நம்மால் ஆகாது" என்று மாத்திரம் சொன்னார். நாம் அழகுக்கான பொம்மையென்று இகழ்ந்தது, குழியையும் இமையையும் வளர்க்க வந்த மருந்தாகவே இருந்தது. பிறவியிலேயே கண் அமையாத சிசுக்களுக்குங்கூட, முதல் மாதங்களிலிருந்தே சிறிய அச்சை வைத்து, படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டு வருவது இதற்காகவே என்று பின்னரே அறிந்தோம்.

அப்பெண் இப்போது நன்றாகப் படித்து வருகிறாள். அவள் நம்மைப் பார்க்கும்போதெல்லாம் வழக்கம்போல் "மாமா" என்று சிரித்துக்கொண்டே அழைக்கிறாள். அந்தச் சிரிப்பே நமக்குப் பெரிய தண்டனையாயிருக்கிறது. அறியாமல் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பெண்ணின் முகத்தில் எழுதப்பட்டுவிட்டது. இன்னொரு வீட்டில் இன்னொருவர் அவ்வார்த்தையைச் சொல்லாதிருக்கவேண்டும் என்பதற்காகவே இங்கே வந்து நிற்கின்றோம்.

வீட்டு வழக்கங்கள் சிலவற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மை தீட்டினால் கண் பெரிதாகும் என்று பாட்டிமார் சொல்வார்கள். கண்ணின் அளவையும் குழியின் அளவையும் நிர்ணயிப்பது உள்வளர்ச்சியேயன்றி மையன்று. கடைகளில் விற்கும் சில மைகளிலும் சுர்மாக்களிலும் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது; ஈயம் குழந்தையின் மூளைக்கு விஷம். திருஷ்டிக்குப் பொட்டு வேண்டுமாயின் கன்னத்திலும் வேண்டாம், வாய்க்கு எட்டாத உள்ளங்காலில் வையுங்கள். குளிப்பாட்டும்போது கண்ணில் எண்ணெய் விடுவதும், தாய்ப்பால் பீச்சுவதும், வாயால் ஊதுவதும் கிருமிகளை உள்ளே அனுப்பும் வழிகளே. மூக்கைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பாக்குவதாக எண்ணுவதும் வீண். தண்டு தன் காலத்தில் தானே எழும்பும். இவற்றைச் செய்த பாட்டிமாரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் அன்பினால் செய்தார்கள். அன்போடு அறிவையும் சேர்த்துக்கொள்வது நம் கடமை.

வைத்தியத்துக்கு எங்கே போவதென்று கேட்பீர்கள். அந்தக் குறை நமக்கில்லை. 1819-ஆம் ஆண்டில் சென்னையில் ஏற்பட்ட கண் ஆஸ்பத்திரி உலகத்திலுள்ள மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்ணின் நீரழுத்த நோய்க்குப் புதிய சஸ்திர சிகிச்சை முறையைச் செய்து பெயர்பெற்ற எலியட் துரை அங்கேதான் தலைவராயிருந்தார். எழும்பூரில் அரசாங்க ஆஸ்பத்திரியாக இன்றும் அது ஏழைக்கும் செல்வருக்கும் ஒருங்கே கதவு திறந்திருக்கிறது. அத்திப்பட்டில் இரயிலேறினால் சென்ட்ரலில் இறங்கி எளிதிற் சென்றுவிடலாம். அவசரமென்றால் இன்னும் அருகில் இராயபுரத்துப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அரசாங்கத் திட்டத்தின்படி வைத்தியக் குழுக்கள் வருகின்றன. அவர்கள் வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் அனுப்புங்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் வைட்டமின் ஏ மருந்தையும் விடாதீர்கள். குழி நன்கு வளர்ந்தும் கருவிழி வெந்துபோனால் பயனென்ன?

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும் நம் பெண்டிர், இன்று சொன்ன நான்கு அபாயக் குறிகளையும் ஒரு சீட்டில் அச்சிட்டு அத்தட்டில் வைத்துக் கொடுக்கட்டும். அச்சுச் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். இரண்டாவது, நம் சங்கத்தின் தர்ம நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை, சிகிச்சைக்காக எழும்பூருக்குத் திரும்பத் திரும்பச் செல்லவேண்டிய குழந்தைகளின் வழிச்செலவுக்கென்று ஒதுக்கவேண்டும். வைத்தியம் இலவசமாயினும், அன்றாடக் கூலியை இழந்து பயணம் போவது எளிதன்று என்பதனாலேயே பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். அதிலும் நம் குலத்தார் மாத்திரமன்றி, இவ்வூர்க் குழந்தை எதுவாயினும் உதவி பெறவேண்டும். நோய் குலம் பார்த்து வருவதில்லை, நம் தர்மமும் குலம் பார்க்கலாகாது. மூன்றாவது, கண்ணிழந்தோ கண் ஒடுங்கியோ வளரும் பெண்பிள்ளைகளைச் சம்பந்தம் பேசும் இடத்தில் குறைகூறும் வழக்கத்தை நம்மவர் அடியோடு விடவேண்டும். அக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் அப்பெண்ணன்று. அவளைச் சுற்றியிருந்த நம்மைப்போன்ற பெரியவர்களே.

மகாஜனங்களே! பனையை நட்டவர் நுங்குக்குப் பல்லாண்டு காத்திருப்பர். கண்குழிக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை. முதல் ஐந்தாண்டுகளே அதன் பருவம். மூக்குத் தண்டு எழும்பப் பொறுத்திருங்கள். கண்ணீர்க் கால்வாய் திறக்கப் பொறுத்திருங்கள். வெண்மின்னலுக்கும், பிதுங்கிய கண்ணுக்கும், ஜுரத்தோடு வந்த வீக்கத்துக்கும், அடிபட்ட கண்ணுக்கும் ஒருநாளும் பொறுத்திராதீர்கள். டாக்டர் தந்த செயற்கைக் கண்ணை ஒருபோதும் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.